ஐசியூவா, வீடா, ஹாஸ்பிஸா? ராத்திரி இரண்டு மணியை வைத்து யோசியுங்கள்

"இதுக்கு மேல நாங்க செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே, அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒருவர் இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பார். இன்னொருவர் தனக்குத் தெரிந்த நாட்டு வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று போனை எடுப்பார். சித்தப்பா மட்டும் ஓரமாக நின்று "வீட்டுக்கே கொண்டு போயிடலாம்ப்பா" என்பார். கடைசியில் யார் குரல் ஓங்குகிறதோ அது நடக்கும், படுத்திருப்பவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் இது இரண்டு முறை நடந்தது. 2016-ல் பெரியப்பாவுக்கு, 2022-ல் அத்தைக்கு. முதல் முறை பதற்றத்தில் முடிவெடுத்தோம், இரண்டாவது முறை கொஞ்சம் விசாரித்துவிட்டு எடுத்தோம். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை வைத்து, இருக்கும் வழிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயங்களை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரியாமல் நின்றவன் என்பதால், அந்தக் கேள்விகளை என்னால் சொல்ல முடியும்.

முதலில் பெயர்க் குழப்பம்

பேலியேட்டிவ் கேர் என்றாலே சாகப் போகிறவருக்குக் கொடுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல், தூக்கமின்மை, புண்ணின் நாற்றம், நோயாளியின் பயம், பார்த்துக்கொள்பவரின் ஓய்ச்சல், இவற்றைக் குறைப்பதற்கான வைத்தியம் அது. கீமோ நடக்கும்போதே, டயாலிசிஸ் நடக்கும்போதே கூடவே செய்யலாம். நம் அரசுத் திட்டங்களில் இதை 'நோய் ஆதரவு சிகிச்சை' என்கிறார்கள், பல ஆஸ்பத்திரிகளில் 'வலி நிவாரணப் பிரிவு' என்று பலகை மாட்டியிருக்கும். ஹாஸ்பிஸ் என்பது இதில் கடைசிப் பகுதி. நோயைக் குணப்படுத்தும் முயற்சியை நிறுத்திவிட்டு, மிச்சமிருக்கும் வாரங்களையோ மாதங்களையோ அவதியில்லாமல் கழிக்க வைப்பது.

இணையத்தில் தேடினால் 'ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று இரண்டு டாக்டர்கள் எழுதித் தர வேண்டும்' என்றெல்லாம் வரும். அது அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டு விதி, 1982-ல் கொண்டுவந்த சட்டத்தில் இருந்து வருவது. அங்கே ஹாஸ்பிஸ் என்றால் பெரும்பாலும் நோயாளியின் வீட்டுக்கே ஆட்கள் வந்து செய்யும் சேவை. இங்கே ஹாஸ்பிஸ் என்றால் ஒரு கட்டடம், கட்டில்கள், பெரும்பாலும் ஓர் அறக்கட்டளையோ கன்னியாஸ்திரிகளோ இலவசமாக நடத்துவது, பெரும்பாலும் புற்றுநோயாளிகளுக்கு மட்டும். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967-ல் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ்தான் இந்த நவீன ஹாஸ்பிஸ்களுக்கெல்லாம் தாய். இந்தியாவில் முதலாவது 1986-ல் மும்பை பாந்த்ராவில் வந்த சாந்தி அவேத்னா. இதற்கு நேர்மாறான பாதையில் போனது கேரளா. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன வலி நிவாரண கிளினிக்காக ஆரம்பித்து, பிறகு மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்து ஆட்களையே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். 2008-ல் அந்த மாநில அரசு அதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. ஆக கட்டடத்துக்குப் போவதா, வீட்டுக்கு வரவழைப்பதா என்ற நம் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

'பேலியேட்டிவ் பிரிவுக்குப் போங்கள்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கைகழுவிவிட்டார் என்று அர்த்தமில்லை என்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆரம்பத்திலேயே வழக்கமான சிகிச்சையோடு பேலியேட்டிவ் கேரும் கொடுத்தார்கள். 2010-ல் முடிவு வெளிவந்தது. அந்தப் பிரிவில் கடைசி நாட்களில் கீமோ மாதிரி கடுமையான சிகிச்சை எடுத்தவர்கள் குறைவு, மனச்சோர்வு குறைவு, வாழ்ந்த காலமோ 11.6 மாதம். மற்றப் பிரிவில் 8.9 மாதம். இதை நான் அத்தையின் மகனிடம் சொன்னபோதுதான் அவன் சீட்டை மடித்துப் பையில் வைத்தான், அதுவரை கிழித்துப் போடத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதுவும் முடிவு செய்யாவிட்டால் ஐசியூதான்

ஐசியூவை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மற்ற எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்தால் தானாக அங்கே போய்ச் சேருவோம், அவ்வளவுதான். பெரியப்பாவுக்கு வயது 71, நாற்பது வருட பீடி, நுரையீரல் முழுக்கப் போய்விட்டது. இரண்டு வருடமாக வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தோடு இருந்தார். ஒரு ராத்திரி மூச்சு திணறியது, 108-க்குப் போன் போட்டோம், விடிவதற்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு படுத்திருந்தார். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் பார்க்க விடுவார்கள். பெரியம்மா உள்ளே போய்த் தலையை மட்டும் தடவிவிட்டு வருவார். ஐந்தாம் நாள் பில் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியபோது, "கூட்டிட்டுப் போறதுன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார்கள். ஆம்புலன்ஸில் ஒரு பையன் காற்றுப் பையை அழுத்திக்கொண்டே வந்தான். கப்பலூர் டோல்கேட் தாண்டியதும் அழுத்துவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். ஊரில் எல்லோரிடமும் வீட்டுக்கு வந்துதான் உயிர் போனது என்று சொன்னோம். இன்றும் அப்படித்தான் சொல்கிறோம்.

இதனால் ஐசியூ கூடாது என்று நான் சொல்லவில்லை. திரும்பி வரக்கூடிய ஆபத்து என்றால் அங்கேதான் போக வேண்டும். புற்றுநோய் இருப்பவருக்கே கூட, கீமோவுக்குப் பிறகு வரும் காய்ச்சலும் கிருமித்தொற்றும் சரியாகிவிடக்கூடியவை, அதில் தயங்கக் கூடாது. பிரச்சினை எங்கே என்றால், அடியில் இருக்கும் நோய் திரும்பவே திரும்பாது என்று தெரிந்த பிறகும், ஒவ்வொரு நெருக்கடிக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவதில். அதற்கு டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி 'பிழைப்பாரா?' இல்லை. அதற்கு எல்லா டாக்டரும் 'பார்க்கலாம், கடவுள் விட்ட வழி' என்றுதான் சொல்வார்கள். 'இங்கிருந்து எழுந்து, ஒரு மாதம் கழித்து எப்படி இருப்பார்? தானாகச் சாப்பிடுவாரா, எங்களை அடையாளம் தெரியுமா?' என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் பதிலில், சில சமயம் வராத பதிலிலும், நிறைய விஷயம் இருக்கும்.

இன்னொன்று. வென்டிலேட்டர் போடுவதற்கு முன்னால் முடிவெடுப்பது சுலபம், போட்ட பிறகு எடுப்பது கஷ்டம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் கொடுத்த தீர்ப்பில், குணமாக வாய்ப்பில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. முதலில் அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது, 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கருவியை எடுப்பதற்கு இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்ப வேண்டும். பெரும்பாலான ஊர்களில் ஆஸ்பத்திரிகள் இதில் இறங்கத் தயங்குகின்றன, அதனால்தான் 'கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க' என்ற குறுக்குவழி. விஷ ஊசி போட்டு உயிரைப் போக்குவது வேறு விஷயம், அது இங்கே சட்டப்படி குற்றம். நான் பேசிக்கொண்டிருக்கும் பேலியேட்டிவ் கேருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் பக்கம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விருதுநகர், மதுரை வட்டாரத்தில் தலைக்கூத்தல் என்ற வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். முடியாமல் கிடக்கும் பெரியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுகிற கொடுமை. அதனால் 'மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள்' என்று யாராவது சொன்னாலே இங்கே கிழவிகள் முகம் மாறும். அத்தைக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. "என்னைய முடிச்சுவிடப் போறீங்களாடா?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். எலும்புக்குப் பரவி, மார்பில் புண்ணாகி வெடித்திருந்தது. அவருக்கு வலியை விடப் பெரிய அவமானம் நாற்றம். பேத்தி கிட்டே வந்தால் "போ, போ" என்பார். ஊதுபத்தி, சாம்பிராணி, டெட்டால் எல்லாம் போட்டுப் பார்த்தோம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வலி நிவாரணப் பிரிவு இருக்கிறது என்று யாரோ சொல்லிப் போனபோது, அங்கே இருந்த நர்ஸ் மெட்ரோனிடசோல் மாத்திரையை, ஆமாம், வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்களே அதே மாத்திரையை, பொடி செய்து புண்ணைக் கழுவிய பிறகு தூவச் சொன்னார். மூன்று நாளில் நாற்றம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆறாம் நாள் பேத்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அதுவரை நாங்கள் செலவழித்த பணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. அந்த மாத்திரை எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைப்பது.

அப்புறம் மார்ஃபின். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா முடியாதா என்பதே பெரும்பாலும் இந்த மாத்திரை கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு ஏகப்பட்ட லைசென்ஸ்கள் தேவைப்பட்டதால், மருந்துக்கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்ஃபினை வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் ஒரே அனுமதியில் வாங்கி வைக்கலாம் என்று ஆக்கினார்கள். ஆனாலும் தெருமுனைக் கடையில் கிடைக்காது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, பெரிய புற்றுநோய் மையங்கள், பேலியேட்டிவ் அறக்கட்டளைகள், இங்கேதான். அதனால் எந்த ஏற்பாட்டுக்கு முன்னாலும் கேளுங்கள்: 'உங்களிடம் வாய்வழி மார்ஃபின் இருக்கிறதா? எத்தனை நாளைக்குக் கொடுப்பீர்கள்? நோயாளியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா, நாங்கள் வந்து வாங்கிக்கொள்ளலாமா?'

அத்தைக்கு ஆரம்பத்தில் 10 மில்லிகிராம் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, ராத்திரி பத்துக்கு மட்டும் இரட்டை, நடுவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. வலி வந்த பிறகு கொடுப்பது இல்லை, வருவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு, கொடுத்த நேரம், கொடுத்தவர் பெயர், வலி பத்துக்கு எத்தனை என்று எழுதினோம். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கட்டாயம், இதை மறந்தால் நோயை விட அதுவே பெரிய அவதியாகிவிடும். முதல் மூன்று நாள் அத்தை தூங்கிக்கொண்டே இருந்தார். சித்தப்பா ஆடித் தீர்த்துவிட்டார், "வாயப் பேசுற மனுசியப் பொணமாக்கிட்டீங்களேடா" என்று. நாலாம் நாள் காலையில் அத்தை எழுந்து, வாசல் தெளித்துக்கொண்டிருந்த மருமகளிடம் கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனதைச் சொன்னார். அதுவரை வலியில் தூங்காதவர் கடனைத் தீர்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. வலிக்காகச் சரியான அளவில், டாக்டரின் கண்காணிப்பில் எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவது அபூர்வம் என்று அந்த டாக்டர் சொன்னார். மூச்சுத்திணறலுக்கும் இதே மருந்து சின்ன அளவில் உதவும் என்று பின்னால் தெரிந்துகொண்டபோது, பெரியப்பாவைத்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களில் மூன்று வகை உண்டு. மூன்றையும் நாங்கள் பார்த்தோம்.

அரசு வழி, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பி.பி., சர்க்கரைக்கு வீட்டுக்கே மாத்திரை கொடுப்பார்கள் என்று மட்டும்தான் பலருக்குத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருவது இதே திட்டத்தில்தான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயர் கொடுத்தால் போதும். எங்களுக்கு வந்த நர்ஸ் புண் கட்டுவார், சிறுநீர்க் குழாய் மாற்றுவார், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டுவது என்று மருமகளுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பைசா கிடையாது. ஆனால் அவருக்கு ஒன்றியம் முழுக்க நோயாளிகள். நினைத்தபோது வர முடியாது, ராத்திரியில் வர முடியாது.

இரண்டாவது, அறக்கட்டளைகள். சென்னையில் டீன் ஃபவுண்டேஷன், லட்சுமி வலி நிவாரண அறக்கட்டளை போன்றவை பல வருடங்களாக இதைச் செய்கின்றன. திருவனந்தபுரத்தில் இருந்து இயங்கும் பாலியம் இந்தியா, நாடு முழுக்க எந்த ஊரில் எந்த மையம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அங்கே பார்த்தால் உங்கள் மாவட்டத்துக்கு அருகில் இருப்பது தெரியும். இவர்களிடம் டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் என்று ஒரு குழு இருக்கும், மருந்தும் இருக்கும், முக்கியமாகப் போனை எடுப்பார்கள். குறை ஒன்றுதான், இத்தனை கிலோமீட்டருக்குள் என்று எல்லை வைத்திருப்பார்கள். நகரத்துக்கு வெளியே இருந்தால் கஷ்டம்.

மூன்றாவது, தனியார் ஹோம் நர்சிங் ஏஜென்சி. எங்களிடம் மாதம் 24,000 கேட்டார்கள், சாப்பாடு, தங்கும் இடம் தனி. நர்ஸ் என்று சொல்லி அனுப்பிய பெண் நர்ஸ் இல்லை, பத்து நாள் எங்கோ பயிற்சி எடுத்தவர். நல்ல பெண், குளிப்பாட்டுவதும் டயப்பர் மாற்றுவதும் முகம் சுளிக்காமல் செய்தார், ஆனால் ஊசியைப் பார்த்தால் அவருக்கே கை நடுங்கும். அதனால் இந்தக் காசை வைத்தியத்துக்கான செலவாக நினைக்காதீர்கள், குடும்பத்தின் தூக்கத்துக்கான செலவு என்று நினைத்தால் சரியாக இருக்கும். ஒரு வீட்டுக்கு அது ரொம்ப அவசியம்தான்.

ராத்திரி இரண்டு மணி

வீடா வேறு இடமா என்று முடிவெடுக்க நான் கடைசியில் பிடித்துக்கொண்ட ஒரே அளவுகோல் இதுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு இழுத்தால், ரத்தம் வந்தால், வலியில் கத்தினால், யார் எழுந்து வருவார், அவர் கையில் என்ன இருக்கும், யாருக்குப் போன் செய்வார்? பகல் எப்படியும் ஓடிவிடும். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வருவார்கள், நர்ஸ் வருவார், டீ போடுவதற்கே ஆள் வேண்டும். இரண்டு மணிக்கு ஒருவர்தான் இருப்பார், பெரும்பாலும் அது மருமகளோ மகளோ மனைவியோ. வராந்தாவில் நடக்கும் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்திருக்கவே மாட்டார்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் அத்தையின் மருமகள். அவரிடம்தான் முதலில் கேட்டோம். "மூணு பேர் மாத்தி மாத்திப் படுத்தா பாத்துக்கறேன், நான் ஒருத்தியேன்னா முடியாது" என்றார். அதன்படி திங்கள், செவ்வாய் அவர், புதன், வியாழன் என் தங்கை, மற்ற நாட்கள் ஆண்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அவசர மருந்துகள், மேலே எந்தக் கஷ்டத்துக்கு எது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள், நர்ஸின் நம்பர். ரத்தம் பீறிட்டால் கறை தெரியாமல் இருக்க இரண்டு கறுப்புத் துண்டு வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். பார்ப்பவர்கள் பதறாமல் இருக்கத்தான். அதற்கு மேல் ஒரு முடிவையும் எடுத்துக்கொண்டோம், 108-க்கு யாரும் போன் செய்வதில்லை என்று. அத்தையிடம் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு. இந்த முடிவு முன்கூட்டியே எடுக்காத வீட்டில், அந்த இரண்டு மணிக்கு அடுத்த வீட்டுத் தம்பி நல்ல மனதோடு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவான். பிறகு பெரியப்பா கதைதான்.

அப்படி ஓர் ஏற்பாடு முடியாத வீடுகள் உண்டு. ஒரே மகன், வேலை துபாயில். அல்லது வயதான மனைவி மட்டும். அல்லது ஒண்டுக்குடித்தனம், ஒரே அறை, பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள். இந்த வீடுகளுக்கு 'அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்காமல் விட்டுட்டியே' என்று சொல்கிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

ஹாஸ்பிஸ்

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் அம்மாவை ஒரு ஹாஸ்பிஸில் சேர்த்தார், நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். முதியோர் இல்லம் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். சின்ன வார்டு, எட்டு கட்டில், ஜன்னல் வழியே வேப்பமரம். மானிட்டர் சத்தம் கிடையாது. ஒரு சிஸ்டர், அந்த அம்மாவின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார், தண்ணீர் கேட்டாரா என்று கேட்டேன், "கேக்கல, ஆனா வாய் காஞ்சிருக்கு" என்றார். ஐசியூவில் இருந்த அத்தனை இயந்திரங்களில் ஒன்றுக்கும் தெரியாத விஷயம் அது.

ஹாஸ்பிஸின் பெரிய பலம், இரண்டு மணிக்கு ஒருவர் விழித்திருப்பார், அவரிடம் மருந்தும் இருக்கும். மகன் மகனாக மட்டும் பக்கத்தில் உட்காரலாம், டயப்பர் கணக்குப் பார்க்க வேண்டாம். பெரும்பாலானவை இலவசம். ஆனால் தடைகளும் உண்டு. சென்னை மணலியை ஒட்டிய மாத்தூரில் இருக்கும் ஜீவோதயா போன்றவை புற்றுநோயாளிகளுக்கானவை. கிட்னி செயலிழந்தவர், பக்கவாதம் வந்து படுத்தவர், மறதி நோய் முற்றியவர் என்றால் எடுத்துக்கொள்ளும் இடம் கிடைப்பது ரொம்பக் கஷ்டம், அவர்களுக்கு வீடோ முதியோர் பராமரிப்பு இல்லமோதான் வழி. மதுரைப் பக்கம் ஐஸ்வர்யம் அறக்கட்டளையின் நேத்ராவதி மாதிரி சில இடங்கள் இருக்கின்றன, ஆனால் மொத்தத்தில் நம் மாநிலத்துக்குக் கட்டில்கள் குறைவு. கடைசி நாளில் போய் நின்றால் இடம் இருக்காது. இன்னும் வேண்டியிருக்காது என்று தோன்றும்போதே ஒருமுறை போய்ப் பார்த்து, பேசி, பெயர் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள்.

பெரும்பாலும் ரிப்போர்ட் கேட்பார்கள், 'இனி குணப்படுத்தும் சிகிச்சை இல்லை' என்று டாக்டர் எழுதிய சீட்டும் கேட்பார்கள். அதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்குங்கள், பிறகு அலைய வேண்டிவரும். வெளியூர் என்றால் ராத்திரி உறவினர் ஒருவர் தங்கலாமா, எந்தச் சாமியையும் கும்பிடலாமா, இறந்த பிறகு உடலை எத்தனை மணிக்குள் எடுக்க வேண்டும், இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். அங்கே இருப்பவர்கள் தினமும் கேட்கும் கேள்விகள்தான். இன்னொரு விஷயம், ஹாஸ்பிஸ் ஒருவழிப் பாதை இல்லை. வலியைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு வாரம், பார்த்துக்கொள்பவர் கொஞ்சம் ஓய்வெடுக்கப் பத்து நாள் என்று சேர்த்துவிட்டு மறுபடி வீட்டுக்கு அழைத்துவர அனுமதிக்கும் இடங்கள் உண்டு. எங்களுக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தால் நடுவில் ஒரு வாரம் மருமகளைத் தூங்க விட்டிருப்போம்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. வீட்டுச் சிகிச்சையைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை, ஐசியூவை ஏற்கின்றன. அதனால் காப்பீடு இருக்கிறது என்பதற்காகவே ஐசியூவுக்குப் போகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பாலிசியில் வீட்டுச் சிகிச்சைக்கு என்ன இருக்கிறது என்று ஏஜெண்டைக் கேட்காமல் அலுவலகத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் ஒரு தேர்வுதான்

அம்மாவிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார் என்று நாம் எல்லோருமே செய்கிறோம். அத்தையிடம் எட்டு மாதம் 'கட்டி, கரைஞ்சிடும்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அந்த வலி நிவாரணப் பிரிவின் டாக்டர், எங்களை வெளியே அனுப்பாமல், அத்தையிடம் நேராக, "உங்க ஒடம்பப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார். அத்தை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எல்லாம் முடிஞ்சு போச்சு, இவனுகதான் ஒத்துக்க மாட்டேங்கறானுக" என்றார். பிறகு வீட்டில்தான் இருக்க வேண்டும், மாடியில் இல்லை, வாசல் தெரியும் முன் அறையில் என்றார். பேத்திக்குக் கொடுக்க வேண்டிய வளையலை அன்றைக்கே கழற்றினார். எங்களுடைய ஒப்பீடு, விசாரணை, எக்செல் ஷீட் எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் முடிந்துபோனது.

எல்லோரும் அப்படிச் சொல்வார்கள் என்றில்லை. சிலர் தெரிந்துகொள்ளவே விரும்பமாட்டார்கள், அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தவர்களுக்குக் கடைசி நாட்களைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, சாப்பாடு. அவர்கள் சாப்பிடுவதை நிறுத்துவார்கள். பசியால் சாகிறார் என்று வீடே அழும், மூக்கில் டியூப் போடலாமா, டிரிப் ஏற்றலாமா என்று கேட்பார்கள். உடம்பு மூடிக்கொள்ளும்போது உணவு இறங்காது, ஏற்றுகிற நீர் காலிலும் நெஞ்சிலும்தான் தேங்கும். ஸ்பூனில் இரண்டு சொட்டு, உதட்டில் கொஞ்சம் வெண்ணெய், அது போதும். இரண்டாவது, தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். கேட்பதற்குப் பயமாக இருக்கும், ஆனால் அந்நேரம் அவர்களுக்கு அது தெரிவதில்லை என்று நர்ஸ் முன்னாலேயே சொல்லிவைத்ததால் நாங்கள் ஓடவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம், சத்தம் குறைந்தது.

வீட்டில் இறந்தால் சான்றிதழ் கிடைக்காது, போலீஸ் வரும் என்று பயமுறுத்துவார்கள். தெரிந்த நோயால் இறந்தவருக்கு அப்படி எதுவும் இல்லை. கடைசியாகப் பார்த்துவந்த டாக்டரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்கி, 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம், நகரம் என்றால் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ. டாக்டரிடம் முன்கூட்டியே 'இப்படி நேர்ந்தால் எழுதித் தருவீர்களா?' என்று கேட்டு வைத்திருந்தால் அன்றைக்கு ஓட வேண்டியிருக்காது.

அத்தை ஒரு வியாழக்கிழமை காலை நாலரைக்குப் போனார், அன்று தங்கையின் முறை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்த நர்ஸ் வந்தார். தண்ணீர்ப் படுக்கையை வடித்து மடித்து எடுத்துக்கொண்டார், மருமகளிடம் தூக்கம் வருகிறதா என்று கேட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு மிச்சமிருந்த மார்ஃபினைக் கேட்டார். பதினான்கு மாத்திரை இருந்தது. நோட்டில் கடைசிக் கட்டத்துக்குக் கீழே 14 என்று எழுதி, என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.